தம்பதியாக வர வேண்டும்

ஜன்னல் ஓரம் நீயே உட்கார்ந்துகொள், தாயி. மலை ஏறும்போது கீழே பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். நீ என்று சொல்லலாம் இல்லையா? என் மகள் வயதுதான் இருக்கும் உனக்கு. கொடைக்கானலில் வேலையா? டீச்சரா? ஸ்தோத்திரம். நல்ல வேலை.

அதோ, முன்னால் மூன்றாவது சீட்டில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடியில் தலையைச் சாய்த்திருக்கிறானே, அவன்தான் என் மகன். எபினேசர். எபி என்போம். என் பக்கத்தில் இடம் இருந்ததை நீயே பார்த்தாய். "நீங்க சௌகரியமா உக்காருங்கம்மா, நான் முன்னாடி காத்தாட உக்காந்துக்கிறேன்" என்று போய்விட்டான். அம்மாவுக்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்கிற எண்ணம். அப்படிப்பட்ட பிள்ளை.

லீவுக்குத்தான் போகிறோம். ஆமாம், ரெண்டு பேர் மட்டும். ரிசார்ட். ஏரிப் பக்கம் இல்லையாம், இன்னும் உள்ளே தள்ளிப் போக வேண்டுமாம். மெம்பர்ஷிப் இருக்கிறது எங்களுக்கு. வருஷத்துக்கு ஒரு வாரம், இருபத்தைந்து வருஷத்துக்கு. எனக்கு இப்போது அறுபத்து மூன்று நடக்கிறது. கணக்குப் போட்டுப் பார், எண்பத்தெட்டு வயது வரைக்கும் நான் என் பிள்ளையோடு லீவுக்குப் போகலாம். யாருக்குக் கிடைக்கும்?

மருமகளா? இருக்கிறாள். பியூலா என்று பெயர். திண்டுக்கல்லில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது. நான் குரலை உயர்த்திப் பேசியதை மதுரைப் புதூரில் ஒருத்தர் கேட்டிருந்தால் சொல்லச் சொல். ஒரு கூட்டத்துக்குப் போனோம், அதிலிருந்து இப்படி ஆகிவிட்டது. சொல்கிறேன், கேள். யாரிடமாவது சொன்னால் மனசு லேசாகும்.

எங்கள் சபையில் வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதில் என்ன வசனம் வருகிறதோ அதுதான் அந்த வருஷம் முழுக்க நம் வீட்டுக்கு. இந்த வருஷம் பியூலா கையை நீட்டினாள். "நீ வீட்டுக்குப் புதுசு, அடுத்த வருஷம் எடுக்கலாம்மா" என்றேன், நானே எடுத்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம்தானே ஆகிறது. அட்டையில் என்ன வந்தது தெரியுமா? உன் வீட்டாருக்கு இளைப்பாறுதல் தருவேன் என்று அர்த்தம் வருகிற மாதிரி. சரி, இந்த வருஷம் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்குச் சேலை எடுக்கப் போன கடையில் ஒரு பெண் கூப்பன் நீட்டினாள். எபி பெயரைப் போட்டு, என் நம்பரைப் போட்டு, பெட்டிக்குள் போட்டேன். கொஞ்ச நாள் கழித்து போன். "வாழ்த்துக்கள் அம்மா! கொடைக்கானல்ல மூணு பகல் ரெண்டு ராத்திரி ஃப்ரீ, கூட ஒரு டின்னர் செட். வர்ற ஞாயித்துக்கிழமை சின்ன புரோகிராம், ஒன்றரை மணி நேரம்தான். ஒரே கண்டிஷன். ஹஸ்பண்ட் வைஃப் ரெண்டு பேரும் சேர்ந்து வரணும்" என்றாள் ஒருத்தி. என் வீட்டுக்காரர் தவறிவிட்டார் என்றேன். "அப்போ மகன் மருமகள் வரட்டும்மா, ஜோடியா வந்தாத்தான் கிஃப்ட்" என்றாள். கூடவே வாட்ஸப்பில் ஒரு படம். பசும்புல், தண்ணீர், ரெண்டு சாய்வு நாற்காலி. கீழே எழுதியிருக்கிறது: "இளைப்பாற ஓர் இடம்."

எழுந்து போய் அந்த வாக்குத்தத்த அட்டையை எடுத்து வந்தேன், தாயி. அட்டையையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன அடையாளம் வேண்டும்?

பியூலாவிடம் சொன்னால், "அந்த ஞாயித்துக்கிழமை எங்களுக்கு ஒரு வேலை இருக்கு அத்தை" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று கேட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது. ஒரு வீட்டில் மூன்று பேர் இருக்கும்போது ரெண்டு பேர் மட்டும் பார்த்துக்கொள்கிற பார்வை.

அவள் கெட்ட பெண் இல்லை. லேபில் வேலை பார்க்கிறாள், சமைப்பாள், மீன் குழம்பு நன்றாக வைப்பாள். ஆனால் ராத்திரி அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். வீட்டுக்குள் யாரம்மா திருடன்? விடியற்காலை குடும்ப ஜெபத்துக்கு எழுப்ப நான் தினமும் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். திறக்கிற வரைக்கும் தட்டுவேன். திறந்ததும் அவர்கள் கட்டிலிலேயே உட்கார்ந்து ஜெபத்தை ஆரம்பித்துவிடுவேன், அவர்களுக்கு எழுந்து வருகிற சிரமம் வேண்டாமே என்று. அதற்கும் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

சரி, அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். காளவாசல் தாண்டி பைபாஸ் ரோட்டில் ஒரு ஹோட்டல், மாடியில் ஹால். உள்ளே ஒரே குளிர். பேச்சே கேட்காதபடி பாட்டு. மேஜைக்கு ஒரு ஜோடி, ஜோடிக்கு ஒரு டை கட்டின தம்பி. நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் சொன்னேன், நிஜமாக. வாசலில் காற்று இல்லை. அதனால் உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொன்னேன். ரெண்டு பேருக்கும் நடுவில்தான் போட முடிந்தது.

எங்கள் மேஜைக்கு வந்த தம்பி பெயர் ஹரீஷ். நெற்றியில் விபூதி, வாயில் சர்க்கரை. "அம்மாவும் வந்துட்டீங்களா, சூப்பர்! மேடம், கடைசியா சார் உங்களை எங்க கூட்டிட்டுப் போனார்?" என்றான் பியூலாவிடம்.

அவள் யோசித்தாள். நான்தான் சொன்னேன், "போன மாசம் ரெண்டு பேரையும் உபவாசக் கூட்டத்துக்கு நான் கூட்டிட்டுப் போனேன் தம்பி."

"அது சரிம்மா. ஹனிமூன்?"

"குற்றாலம். நானும் என் மகளும் கூடப் போனோம். புதுசா வந்த பொண்ணு, தனியா பயந்துக்குவாளே."

"ஹனிமூனுக்கே குடும்பத்தோட டூரா சார்! செம!" என்று சிரித்தான். பக்கத்து மேஜையில் ரெண்டு பேர் திரும்பிச் சிரித்தார்கள். எபிக்குக் காது சிவந்துபோனது. ஹரீஷ் சிரிப்பை நிறுத்திவிட்டு எபி தொடையில் தட்டினான். "கோச்சுக்காதீங்க சார். உண்மையச் சொல்லுங்க. ஆறு வருஷத்துல மேடத்துக்குன்னு ஒரு வாரம் கொடுத்திருக்கீங்களா? அவங்க அதுக்குக்கூட வொர்த் இல்லையா?"

நல்ல கேள்விதானே? ஆனால் பியூலா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு வெள்ளைத் தாளை எடுத்துக் கணக்குப் போட்டான். ஹோட்டல் வாடகை இத்தனை, வருஷா வருஷம் ஏறினால் இத்தனை, இருபத்தைந்து வருஷத்துக்கு இத்தனை. நடுநடுவே யாராவது ஒரு ஜோடி பணம் கட்டிவிட்டால் மணி அடிப்பார்கள், மைக்கில் பெயரைச் சொல்வார்கள், எல்லாரும் எழுந்து கைதட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரம் என்றார்கள், மூன்று மணி நேரம் தாண்டிவிட்டது. டின்னர் செட் கண்ணில் படவில்லை. பியூலா, "பிடிச்சிருக்கு, வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றோம்" என்றாள்.

"வீட்டுல போய் யாரைக் கேக்கணும் மேடம்?" என்றான் ஹரீஷ். "சார் இங்க இருக்கார், நீங்க இங்க இருக்கீங்க, அம்மாவும் இங்க இருக்காங்க. வீட்டுல நாய்க்குட்டியைக் கேக்கணுமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, எதற்கு ஜோடியாக வரச் சொல்கிறார்கள் என்று. ஒருத்தர் மட்டும் வந்தால், இன்னொருத்தரைக் கேட்க வேண்டும் என்று சாக்குச் சொல்லித் தப்பித்துவிடலாம் பார். கெட்டிக்காரத்தனம்!

அவர்களுடைய மேனேஜர் அம்மா வந்தாள். இன்றைக்கு மட்டும் மூன்று லட்சம், நாளைக்கு நாலரை என்றாள். அவ்வளவு இல்லை என்றான் எபி. "பொய் சொல்லத் தெரியல சார் உங்களுக்கு, நல்ல வளர்ப்பு" என்று ஹரீஷ் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அக்கவுண்ட்ல இருக்கில்ல?"

"இருக்கு. ஆனா அது வேற விஷயத்துக்கு."

"குடும்ப சந்தோஷத்தை விட வேற என்ன விஷயம் சார்?"

என் பிள்ளைக்குப் பொய் வராது, தாயி. "வீட்டு ஒத்திக்கு" என்றான்.

"எந்த வீட்டுக்கு?" என்று கேட்டேன். ஹரீஷ் இல்லை, நான்.

பாட்டு பாடிக்கொண்டே இருக்கிறது. எபி மேஜையைப் பார்க்கிறான். பியூலாதான் பேசினாள். "விளாங்குடியில ஒரு மாடி வீடு அத்தை. மூணு லட்சம் ஒத்தி. இன்னைக்குத்தான் பேசி முடிக்கிறதா இருந்தோம். ஒரு ரூம், ஒரு அடுப்படி."

"ஒரே ரூம்னா நான் எங்க படுக்கிறது?"

"நீங்க புதூர் வீட்டுலயே இருப்பீங்க அத்தை. நாங்க ஞாயித்துக்கிழமை தோறும் வருவோம்."

கேட்டாயா? ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவார்களாம். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி. தனிக்குடித்தனம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். என் மகள் கிறிஸ்டியை ஓசூரில் கல்யாணமான மறுமாதமே தனிக்குடித்தனம் வைத்தேன். நானே போய் வீடு பார்த்துப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் மாமியார் பொல்லாதவள், எதிலும் தலையிடுவாள். அது வேறு.

அந்த ஹரீஷ் எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒரு தரம் பார்த்தான். நாற்காலியை இழுத்து என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் அவர்களிடம் பேசவே இல்லை. "அம்மா, அந்த மூணு லட்சம் விளாங்குடிக்குப் போனா ஒரு குடும்பம் ரெண்டாகும். இங்க வந்தா இருபத்தஞ்சு வருஷம் ஒண்ணா இருக்கும். நீங்களே சொல்லுங்க" என்றான். விபூதி பூசின பிள்ளைதான். ஆனால் கர்த்தர் யார் வாயால் பேசுவார் என்று நாம் சொல்ல முடியுமா?

நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். கொஞ்சம் சத்தமாகத்தான் பண்ணினேன். "ஆண்டவரே, என் பிள்ளை தாயைத் தெருவில் விடுகிற பாவத்தைச் செய்யாதபடி அவன் கையைப் பிடித்துக்கொள்ளும்" என்று. மேனேஜர் அம்மா பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டாள். எல்லா மேஜையும் எங்களைப் பார்க்கிறது. முடித்தபோது ஆமென் என்று முதலில் சொன்னவன் ஹரீஷ்தான்.

"எபி, எந்திரி. போகலாம்" என்றாள் பியூலா. அந்நியர் முன்னால் புருஷனைப் பேர் சொல்லி! "என் வளையல் வித்த காசும் அதுல இருக்கு எபி. ஆறு வருஷம்." வீட்டுக்கு வந்த பெண்ணின் காசு வீட்டுக்குத்தானே? நான் தப்பாகச் சொன்னால் நீ திருத்து.

"சார், உங்க வீட்டுல மேடம்தான் முடிவெடுக்கிறதுன்னா சொல்லிடுங்க" என்றான் ஹரீஷ். "மேடம் பேர்லயே பில் போட்டுடுறேன். நீங்க வெளிய போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க." மறுபடியும் பக்கத்து மேஜையில் சிரிப்பு.

எபி கார்டை எடுத்துவிட்டான். மெஷினில் ஒவ்வொரு நம்பராக அழுத்தினான். நான் அவன் கைமேல் கையை வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மணி அடித்தார்கள். மைக்கில் பெயரைச் சொன்னார்கள். "அம்மா, கப்பிள் போட்டோ, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான் போட்டோக்காரன். "நான் நின்னா படம் விழாதா தம்பி?" என்று கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள், அப்படியே எடுத்துவிட்டான். பியூலா அழவில்லை. அழுதிருந்தால் நான் அணைத்துக்கொண்டிருப்பேன். கை தட்டினாள். எல்லாரும் தட்டி முடித்து உட்கார்ந்த பிறகும் அவள் நின்றபடி தட்டிக்கொண்டே இருந்தாள். பார்க்க ஒரு மாதிரி இருந்தது. டின்னர் செட்டை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வத்தலக்குண்டு வந்துவிட்டதா? இங்கே கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். எபி! ஐயா, எபி! அம்மாவுக்கு ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாய்யா. பார், வாயைத் திறக்காமல் எழுந்து போகிறான். அவன் அப்படித்தான், சொன்னால் போதும். பையையும் தோளில் மாட்டிக்கொண்டு போகிறான். பஸ்ஸில் சாமானை நம்பி விடக் கூடாது பார், கெட்டிக்காரன். கூட்டம் அதிகம்போல. கண்டக்டரிடம் என்னவோ கேட்டுக்கொண்டு போகிறான்.

எங்கே விட்டேன்? வீட்டுக்கு வந்தோம். அந்தக் காகிதங்களை ராத்திரி முழுக்க வைத்துப் படித்திருக்கிறாள் பியூலா. பத்து நாளைக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமாம். அதற்கும் அவர்கள் கொடுத்திருந்த தாளிலேயே ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவள் உடனே போட்டுவிட்டாள். எபி போட வேண்டியதுதான் பாக்கி.

நான் தடுக்கவே இல்லை, தாயி. "உன் இஷ்டம் ஐயா" என்றேன். உபவாச ஜெபத்தில் உட்கார்ந்தேன், வேறொன்றும் செய்யவில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையும் போடவில்லை, சாப்பாடும் இல்லை. உபவாசம் என்றால் உபவாசம்தானே? மூன்றாம் நாள் மயக்கம் வந்தது. எபி என் காலடியில் உட்கார்ந்து அழுதான். "சாப்பிடுங்கம்மா, சாப்பிடுங்கம்மா." கர்த்தர் பதில் கொடுக்கட்டும், சாப்பிடுகிறேன் என்றேன். பியூலா கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். "அத்தை, நான் உங்க காலைப் பிடிக்கிறேன். அந்தக் காசை மட்டும் விட்டுருங்க. நாங்க வாரத்துல ரெண்டு நாள் வந்து தங்குறோம்" என்றாள். நிஜமாகவே காலைப் பிடித்தாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவளுக்காகவும் ஜெபித்தேன்.

கையெழுத்துப் போடாமல் அந்தத் தாளை எபி சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தான். நாளைக்கு, நாளைக்கு என்று. கடைசி நாளுக்கு முந்தின நாள் அந்தச் சட்டையை நான் ஊறப்போட்டுவிட்டேன். பையில் என்ன இருக்கிறது என்று எனக்கென்ன தெரியும்? மயக்கத்தில் இருந்து எழுந்த உடம்பு, பிள்ளை சட்டையைத் துவைத்துக் கொடுத்ததற்குக்கூடக் குற்றம் சொன்னால் எப்படி?

அந்தப் பத்து நாள் முடிந்த மறுநாள் காலையில் பியூலா பெட்டியோடு வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "இருபத்தஞ்சு வருஷத்துக்கு ரூம் போட்டுட்டீங்க அத்தை. நல்லாப் போய்ட்டு வாங்க" என்றாள். எபியைப் பார்த்து, "நான் திண்டுக்கல்ல இருக்கேன். கையில காசு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வரணும்னு தோணுச்சுன்னா வா. ஆனா தனியா வா" என்றாள்.

தனியாக வாவாம்! பெற்றவளை விட்டுவிட்டுத் தனியாக வா என்று ஒரு பெண் சொல்லலாமா? நீ சொல்வாயா? அவன் வாசல்வரை போனான். நான் உள்ளே இருந்து "எபி" என்று ஒரு தரம்தான் கூப்பிட்டேன். திரும்பி வந்துவிட்டான். நாலு மாசமாகிறது. பேச்சு குறைந்துவிட்டது, சாப்பாடும் குறைந்துவிட்டது. ஆபீஸ் போவான், வருவான், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். அதனால்தான் ஓர் இடமாற்றம் வேண்டும் என்று நானே போன் போட்டு இந்த வாரத்தை வாங்கினேன். சீசனில் இடம் இல்லையாம், மழைக்காலத்தில்தான் கொடுத்தார்கள். பராமரிப்புக்கு என்று தனியாகக் காசும் கேட்கிறார்கள். இருக்கட்டும். நேற்று ராத்திரி பையில் துணியை அவனே எடுத்து வைத்தான். எத்தனை நாளைக்குப் பிறகு! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இளைப்பாறுதல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

விசில் அடிக்கிறாரே! கண்டக்டர் தம்பி, கொஞ்சம் பொறுங்க, என் மகன் தண்ணி வாங்கப் போயிருக்கான். நீலச் சட்டை. உங்ககிட்டகூட ஏதோ பேசிட்டுப் போனானே.

என்ன சொல்கிறார்? சத்தத்தில் எனக்குச் சரியாக விழவில்லை. நீ கேட்டாயா, தாயி?

திண்டுக்கல் வண்டியா? எது, எதிரே நின்றதே, அதுவா? அதில் ஏறிப் போய்விட்டானா?

இருக்காது. அவனாக இருக்காது. நீலச் சட்டை ஊரில் எத்தனை பேர் போடுகிறார்கள். கண்டக்டர் தம்பி, என்னைக் கொடைக்கானல்ல பத்திரமா இறக்கிவிடச் சொன்னானா? உங்ககிட்டயா சொன்னான்? என்கிட்ட சொல்ல வாய் வரல, உங்ககிட்ட சொன்னானா?

இறங்கறீங்களா வர்றீங்களான்னு என்னைக் கேட்டா நான் என்னத்த சொல்றது தம்பி? ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம். வயசானவ கேக்கிறேன்.

தாயி, உன் போனைக் கொடு. என் நம்பரைப் பார்த்தால் எடுக்க மாட்டான், உன்னுடையது தெரியாத நம்பர்தானே, எடுப்பான். நான் நம்பர் சொல்கிறேன், நீ அடி. நீயே பேசு. அம்மாவுக்கு நெஞ்சுவலி, வத்தலக்குண்டில் இறக்கிப் படுக்க வைத்திருக்கிறோம், பேச்சு மூச்சில்லை, உடனே வாங்க என்று சொல்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? பொய் இல்லை, தாயி. இங்கே கையை வைத்துப் பார், எப்படி அடிக்கிறது. ரெண்டு வார்த்தை சொல்ல என்ன? உன் அம்மாவாக இருந்தால் சொல்ல மாட்டாயா? நல்ல பெண் இல்லையா நீ?

ரிங் போகிறதா? எடுத்தானா? சொல். கொஞ்சம் அழுகிற மாதிரி சொல்லு தாயி. நான் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.